பிள்ளையாருக்குப் போட்ட பச்சை பல்பு

ஆராய்ச்சியில் ஒரு வரைபடம் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக வந்தால் சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும். இன்று இதை என் மாணவர்களுக்கு வகுப்பில் கம்பீரமாகச் சொல்கிறேன். "இது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று யாராவது கேட்டால் உடனே அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஒளித்து வைத்துப் பயனில்லை என்பதால் எழுதியே விடுகிறேன். தாம்பரம் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். கோவிலம்பாக்கத்தில் மட்டும் இதே சம்பவம் வேறு விதமாக வழங்கிவருகிறது. அதில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. (அதனால்தான் அதைத் திருத்தவில்லை.)

அப்போது நான் தாம்பரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இன்னும் என்னை வாட்ச்மேன் உள்ளே விடுகிறார், அதைக் கெடுத்துக்கொள்வானேன். மூன்று வருடத்தில் முடித்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லிச் சேர்ந்தது. ஆறாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. "பையன் என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால், "படிச்சிட்டிருக்கான்" என்று சொல்லும்போது அப்பா குரலைத் தாழ்த்த ஆரம்பித்திருந்தார். ஜாமீனில் வெளியே வந்த பிள்ளையைப் பற்றிக்கூட அவர் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசியிருப்பார்.

என் ஆராய்ச்சி இதுதான். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தலைமுடியைவிட மெல்லியதாக ஒரு பாலிமர் படலம். அதற்குள் ஒரு சாயம். அந்தப் படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அடித்தால், மறுபக்கம் கொஞ்சம் பச்சை ஒளி வர வேண்டும். நேரியல் அல்லாத ஒளியியல் பண்பு என்று இதற்குப் பெயர். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'அந்தப் பச்சை'. "அந்தப் பச்சை வந்துச்சாடா?" என்று அம்மா தோசை போடும்போது கேட்பாள்.

சாய மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்றால்தான் பச்சை வரும். சும்மா விட்டால் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும். அதனால் படலத்தைச் சூடாக்கி, அது இளகியிருக்கும் நேரத்தில் மேலேயிருந்து ஒரு ஊசி முனை வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட் காட்டுவோம். பயத்தில் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். அப்படியே இன்னும் சூட்டை ஏற்றினால் பாலிமர் தன்னோடு தானே பின்னிக்கொண்டு இறுகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட மூலக்கூறுகள் அப்புறம் திரும்ப நினைத்தாலும் திரும்ப முடியாது. புத்தகத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது. என் படலங்களிலோ, பி.டி. மாஸ்டர் அந்தப் பக்கம் போனதும் பிரேயர் வரிசை கலைகிற மாதிரி, மூன்றாம் நாளே எல்லாம் கலைந்து பச்சை போய்விடும். நூறு டிகிரி சூட்டில் ஆயிரம் மணி நேரம் வைத்திருந்தும் பச்சை குறையவில்லை என்று காட்டினால்தான் எனக்குப் பட்டம். பன்னிரண்டு படலங்கள் செய்திருந்தேன். பன்னிரண்டும் எழுபது மணி நேரத்தைத் தாண்டவில்லை.

எங்கள் லேபின் உதவியாளர் தேசிங்கு அண்ணன். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். தம்பிகள் மூன்று பேரும் கடலுக்குப் போகிறவர்கள், இவர் மட்டும் லேசரிடம் வந்து சேர்ந்துவிட்டார். ஒரு ஆயுத பூஜையன்று லேசர் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பிள்ளையார் படத்தை மாட்டி, அதற்குக் கீழே எப்போதும் எரிகிற மாதிரி சின்னச் சிவப்பு பல்பு ஒன்றும் போட்டிருந்தார்.

"போட்டுக்கு சாமி வெளக்கு இல்லாம எவனாச்சும் கடலுக்குப் போவானா சார்? இது அத்த விட டேஞ்சரு" என்பார், லேசரைக் காட்டி.

நான் அந்தக் காலத்தில் பகுத்தறிவாளன். பரீட்சை முடிவு வரும் நாட்களைத் தவிர. அதனால் அந்தப் படத்தைக் கண்டுகொள்ளாமல் இருந்தேன். பன்னிரண்டாவது படலம் செத்த அதே வாரம் அந்தச் சிவப்பு பல்பும் ஃப்யூஸ் போனது.

"வெளக்கு அணைஞ்சி மூணு நாளு ஆவுது" என்றார் தேசிங்கு அண்ணன். "உன் பிலிம்மு எப்டி நிக்கும்? நீயே சொல்லு."

அறிவியல் ரீதியாக இதற்கு நிறையப் பதில் உண்டு. நான் சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டில் இறங்கி எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். சின்ன எல்.இ.டி. பல்பு, சிவப்பில் வேண்டும் என்றேன்.

"சேப்பு ஆயிப்போச்சுப்பா. பச்ச தான் கீது" என்றார் கடைக்காரர். "சாமி இன்னா கலர் பாத்துனா அருள் குடுக்குது? எட்துனு போ."

எடுத்துக்கொண்டு போனேன். (பல்பு வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.)

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் போய் நானே மாட்டினேன். மாட்டியதோடு விட்டிருக்கலாம். கரன்ட் போனால் விளக்கு அணைந்துவிடுமே என்று அதன் பிளக்கை யூ.பி.எஸ். போர்டுக்கு மாற்றினேன். ஹாட் பிளேட், கம்ப்யூட்டர், டிடெக்டர் ஆகிய மூன்றுக்கு மட்டும் என்று என் வழிகாட்டி வசந்தா மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்த யூ.பி.எஸ். அது. நான்காவதாகப் பிள்ளையாரும் சேர்ந்தார். வெளிச்சம் புகாமல் இருக்கச் சோதனை மேஜையைச் சுற்றிக் கறுப்புத் திரை தொங்கும். பிள்ளையார் இருந்த பக்கம் மட்டும் அதை ஒரு சாண் விலக்கிவிட்டேன். சாமியின் பார்வை படலத்தின் மேல் விழ வேண்டும் என்பது எண்ணம்; தேசிங்கு அண்ணனிடம் மட்டும் அதைப் பிறகு சொன்னேன். இதை இப்போது எழுதும்போது காது சூடாகிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்கு ஒரு விளக்காகவே தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சாமியாகத்தான் தோன்றியது.

அதே நாள் பதிமூன்றாவது படலத்தையும் செய்தேன். இந்தத் தடவை சூட்டை ஒரே மூச்சில் ஏற்றாமல், இட்லிக்கு மாவு புளிக்கக் காத்திருப்பதுபோல், ஒவ்வொரு படியிலும் நிறுத்தி நிறுத்தி ஏற்றினேன். அது ஒரு நல்ல யோசனை. கெட்ட நேரம், பல்பும் அதே நாளில் வந்துவிட்டது.

அளப்பது எப்படி என்றால், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதலில் லேசரைப் போட வேண்டும். அப்புறம் டிடெக்டர். முடிந்ததும் முதலில் டிடெக்டரை அணைத்து, அப்புறம் லேசரை அணைப்பேன். டிடெக்டருக்கு முன்னால் பச்சை ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி உண்டு. லேசர் அடிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் டிடெக்டரின் கண்ணைத் திறந்துவிடும் பெட்டி ஒன்றும் உண்டு. அது பழுதாகி, திருமுடிவாக்கத்தில் ஒருவரிடம் ரிப்பேருக்குப் போயிருந்தது. "டிடெக்டரை நேரா கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாலும் ஒண்ணுதான் மேடம்" என்று சொல்லி நான்தான் நேராகக் கொடுத்திருந்தேன்.

லேசர் இல்லாமல் டிடெக்டர் எவ்வளவு காட்டுகிறது என்று தினமும் ஒரு பூஜ்யம் எடுக்க வேண்டும் என்பது வேறு விதி. முதல் வருடம் தினமும் எடுத்தேன். இரண்டாம் வருடம் வாரத்துக்கு ஒருமுறை. ஆறாம் வருடத்தில் எனக்கு அனுபவம் வந்துவிட்டதால் எடுக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, அறையில் ஒரு பச்சை விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. அந்தப் பாதுகாப்புக் கண்ணாடி லேசரிலிருந்தும் அது கிளப்பும் பச்சையிலிருந்தும் கண்ணைக் காப்பதற்காகச் செய்தது. மாட்டிக்கொண்டால் உலகம் முழுக்க ஆரஞ்சு. பச்சை என்று ஒரு நிறம் இருப்பதே தெரியாது. அளக்கும்போது என் கண்ணுக்குப் பிள்ளையார் இருட்டில் இருந்தார். டிடெக்டருக்கு மட்டும் காட்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வந்தது. பச்சை குறையவில்லை. நான்காம் நாளும் குறையவில்லை. பத்தாம் நாள் வரைபடத்தைப் பார்த்தேன். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற தண்டவாளம் மாதிரி நேராகப் போனது. பழைய படலங்களைவிடப் பச்சையும் மூன்று மடங்கு அதிகம். சூட்டைப் படிப்படியாக ஏற்றியதன் மகிமை என்று நோட்டில் எழுதினேன். பக்கத்தில் சின்னதாகப் பிள்ளையார் சுழியும் போட்டேன். அந்தப் பத்து நிமிடங்களில் ஒருமுறைகூடக் கரன்ட் போகவில்லை. அதையும் அவர் அருள் என்றே எடுத்துக்கொண்டேன்.

வசந்தா மேடம் சிரித்து நான் பார்த்ததில்லை. இருபதாம் நாள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "பரவாயில்லையே மோகன்" என்றார். எங்கள் துறையில் அது பொன்னாடை போர்த்துவதற்குச் சமம். ஆயிரமாவது மணி நேரம் எந்த நாளில் வருகிறதோ, அந்த நாளிலேயே கமிட்டியைக் கூட்டி நேரில் காட்டிவிடலாம் என்றார். வெளியிலிருந்து ஒரு நிபுணரும் வருவார். அவர் தலையசைத்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம்.

இந்தச் செய்தி வீட்டுக்குப் போனதும் அப்பாவின் குரல் பழைய உயரத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் பெண் பார்த்தார். கோவிலம்பாக்கம், பூர்வீகக் குடும்பம். ஒரு காலத்தில் நெல் போட்ட இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஹார்டுவேர் கடை ஒன்று. இருபது வருடமாக ஓடுகிற நில வழக்கு ஒன்று. பெண் நித்யா, சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அப்பா இல்லாத பெண் என்பதால் எல்லாம் அவள் பெரியப்பா ஏகாம்பரம்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. என்னைப் பார்த்த முதல் நிமிடத்திலிருந்தே "டாக்டர் மாப்ள" என்றுதான் கூப்பிட்டார். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "டாக்டரு. ஊசி போட்ற டாக்டர் இல்ல, அத்த விடப் பெருசு" என்று அறிமுகம் செய்தார். எனக்கு அது பிடித்திருந்தது. மறுக்கவில்லை.

நிச்சயத்துக்குப் பிறகு நித்யாவிடம் போனில் என் ஆராய்ச்சியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஆஃப் பண்ணி பாத்தீங்களா?" என்றாள்.

"எதை?"

"எதையாவது. நாங்க ஒரு விஷயம் சரியா வேலை செய்யுதுன்னா, முதல்ல அதை நிறுத்திட்டு என்ன ஆகுதுன்னுதான் பாப்போம். அப்பவும் வேலை செஞ்சா எங்கயோ தப்பு இருக்குன்னு அர்த்தம்."

நான் அன்போடு சிரித்தேன். சாஃப்ட்வேர் வேறு, அறிவியல் வேறு என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் பேசினேன். ஹலோ சொல்லும் இடைவெளிகூட அவளுக்குக் கொடுத்த நினைவில்லை.

கமிட்டி முடிந்து மூன்றாவது வாரம் கல்யாணம். பத்திரிகை அடிக்கும்போது அப்பா கேட்டார். "கமிட்டி அதுக்கு முன்னாடி ஓகே பண்ணிடும்ல?"

"பண்ணிடும்ப்பா. ஆனா பட்டம் கைக்கு வர..."

"அப்புறம் என்ன, போட்டுடறேன்."

'திருநிறைச்செல்வன் மோகன், எம்.எஸ்ஸி., பிஎச்.டி.' என்று போட்டுவிட்டார். புரூஃப் பார்த்தது நான்தான். தாய்மாமன் பெயரில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனதைத் திருத்தினேன். பிஎச்.டி.யைத் திருத்தவில்லை. எண்ணூறு பத்திரிகை வந்து இறங்கியது. இனி கமிட்டி தலையசைக்காவிட்டால் ஆறு வருடம் போனதோடு, ஒரு குடும்பத்துக்கு அச்சடித்துப் பொய் சொன்னவனாகவும் ஆவேன். தலையசைக்காமல் போக வாய்ப்பே இல்லை என்பதால் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கமிட்டி நாள், பிற்பகல். நிபுணர் வந்தார். ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர், நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தோம். லேப் விளக்குகளை அணைத்தேன். லேசரைப் போட்டேன், அதன் தண்ணீர் பம்ப் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. டிடெக்டரைப் போட்டேன். திரையில் கோடு எழுந்து நேராகப் போக ஆரம்பித்தது.

"இது ஆயிரமாவது மணி நேரம் சார்" என்றேன். குரலில் கொஞ்சம் கல்யாண வீட்டுக் களை இருந்திருக்கும். "சூடு கொடுத்து இறுக்கினதால மூலக்கூறுகள் திரும்பவே இல்லை. தொடக்கத்துல எவ்வளவோ, இப்பவும் அவ்வளவுதான்."

நிபுணர் திரையை உற்றுப் பார்த்தார். "ரொம்ப நேரா இருக்கே" என்றார்.

"ஆமா சார்" என்றேன் பெருமையாக.

அப்போது கரன்ட் போனது.

ஏ.சி. நின்றது. பம்ப் முனகிவிட்டு நின்றது. மும்முனை மின்சாரத்தில் ஓடுகிற லேசர் அணைந்தது. கம்ப்யூட்டரும் டிடெக்டரும் யூ.பி.எஸ்.ஸில் இருந்ததால் அணையவில்லை. இருட்டில் ஐந்து பேர் ஆரஞ்சுக் கண்ணாடியோடு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கோடு போய்க்கொண்டே இருந்தது.

லேசர் இல்லை. லேசர் இல்லாவிட்டால் பச்சை இல்லை. பச்சை இல்லாவிட்டால் கோடு தரையில் விழ வேண்டும். அது விழவில்லை, தொண்டையைக்கூடச் செருமவில்லை. முதல் மூன்று விநாடி நான் என்ன நினைத்தேன் என்பதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. உலகில் யாரும் கண்டுபிடிக்காத எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதில் கொஞ்சத்தை உரக்கச் சொல்லவும் செய்தேன்.

"சார், இது ஒருவேளை... படலம் ஒளியைச் சேமிச்சு வச்சிருக்கலாம்."

நிபுணர் திரும்பவில்லை. "ம்ம்" என்றார். "ரொம்ப ஸ்டேபிளாத்தான் இருக்கு."

"மோகன்," என்றார் மேடம், மிகவும் அமைதியாக, "பூஜ்யம் எப்போ எடுத்தீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, தேசிங்கு அண்ணன் காபித் தட்டோடு உள்ளே வந்தார். அவர் ஒருவர்தான் கண்ணாடி போடாதவர்.

"ஊரே இருட்டாக் கீது, நம்ம சாமி வெளக்கு மட்டும் எப்டி எரியுது பாரு!" என்றார் பூரிப்போடு. பிறகு, நல்ல விஷயத்தைச் செய்தவனின் பெயர் பெரியவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில், "நம்ம மோகன் சாரு தான் மேடம் யூ.பி.எஸ்ல போட்டாரு. திரையக்கூட அவருதான் தள்ளி வுட்டாரு, சாமி பாக்கட்டும்னு" என்றார்.

எல்லோரும் கண்ணாடியைக் கழற்றினார்கள். எல்லோரும் திரும்பினார்கள். ஒரு சாண் இடைவெளியில் பிள்ளையார் பச்சையாக ஜொலித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நிபுணர் செருப்பைக் கழற்றினார். சுவர் அருகே போனார். "மன்னிச்சுக்கோப்பா" என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு, உள்ளங்கையைக் குவித்து பல்பை மூடினார். திரையில் கோடு பொத்தென்று தரையில் விழுந்தது. கையை எடுத்தார். எழுந்தது. மறுபடி மூடினார். விழுந்தது. மூன்றாவது தடவை கையை எடுத்தபோது, விளக்குக்கு மேல் காட்டிய கை, பழக்க தோஷத்தில் தானாகப் போய் அவர் கண்களில் ஒற்றிக்கொண்டது.

தேசிங்கு அண்ணனும் தட்டை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கரன்ட் வந்தது. பல்பின் பிளக்கை மேடமே பிடுங்கினார். லேசரைப் போட்டு அளந்தோம். பதிமூன்றாவது படலம் எப்போதோ காலமாகியிருந்தது. எப்போது என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆயிரம் மணி நேரம் நான் அளந்தது தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பல்பை.

கமிட்டி கூடிப் பேசியது. முழுச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது நிபுணர் என் தோளில் கை வைத்து, "அந்த பல்பு எந்தக் கடை? நிஜமாவே நல்ல பல்பு" என்றார். கேலி செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடையைச் சொன்னேன்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரிப்பேருக்குப் போன பெட்டி இரண்டு வாரத்துக்கு முன்பே தயாராகிவிட்டது என்றும், நான் போய் வாங்கி வராமல் இருந்தேன் என்றும் மட்டும் நினைவூட்டினார்.

கல்லூரி வாசலில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கரும்புச் சாறு வண்டியின் நிழலில் நின்று நித்யாவுக்குப் போன் செய்தேன். ஆறு வருடம் போனதைவிட, அவள் என்ன சொல்வாள் என்பதுதான் அப்போது பெரிதாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சாண் திரையைக்கூட விடவில்லை.

"ஆஃப் பண்ணி பாத்தீங்களான்னு அன்னிக்கே கேட்டேன்ல?" என்றாள் கடைசியில்.

"கேட்டீங்க."

"நீங்க நாப்பது நிமிஷம் எனக்கு கிளாஸ் எடுத்தீங்க."

"ஆமா."

"சரி. இதை நாளைக்கு எங்க டீம்ல சொல்லலாமா?"

"சொல்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். "கல்யாணம்...?"

"கல்யாணத்துல என்ன தப்பு கண்டுபிடிச்சீங்க? பத்திரிகைலதான் தப்பு. தெரிஞ்சப்புறம் அதை அப்படியே வெளிய விடக் கூடாது. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. ஸ்டிக்கர் நான் வாங்கி வைக்கறேன்."

கரும்புச் சாறு இரண்டு டம்ளர் குடித்தேன். இரண்டாவது டம்ளரில் அழுதேன் போலிருக்கிறது. வண்டிக்காரர் இஞ்சி ஜாஸ்தியா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கத்தில் நானும் நித்யாவும் தரையில் உட்கார்ந்து எண்ணூறு பத்திரிகையில் எண்ணூறு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினோம். அப்பா அதற்கு எதிராகக் கடைசிவரை வாதாடினார். "யாரு வந்து செக் பண்ணப் போறா?" என்றார். "நான் பண்ணுவேன் மாமா" என்றாள் நித்யா. அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் நிஜமாகப் பேசிக்கொண்டோம். நான் குறைவாகவே பேசினேன்.

ஏகாம்பரம் மாமாவுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டுமே. நித்யா உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினாள். லேசர், படலம், பிள்ளையார், பல்பு, கமிட்டி. மாமா மீசையைத் தடவிக்கொண்டே முழுக்கக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அப்ப, சாமிக்கு வெளக்கு போட்டதுக்கா டாக்டர் பட்டத்த புடுங்கிட்டானுங்க?"

"இல்ல பெரியப்பா, இன்னும் குடுக்கவே..."

"நீ இரும்மா." என் பக்கம் திரும்பினார். கண்ணில் நிஜமான பாசம் இருந்தது. "மாப்ள, நீ கவலயே படாத. எங்க நெலத்து கேஸு இருவது வருசமா ஓடிகினு கீது. நாங்க பயந்துட்டமா? வுடக் கூடாது. கடேசி வரைக்கும் பாத்துடணும்."

நானும் நித்யாவும் அப்பாவும் மூன்று விதமாகத் திருத்திப் பார்த்தோம். திருத்தத் திருத்த, நாங்கள் அவர் மனம் நோகக் கூடாதென்று மூடி மறைக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டார்.

ஸ்டிக்கர் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. மஞ்சள் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் இருந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? கோவிலம்பாக்கமே பத்திரிகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. பின்னாலிருந்து பிஎச்.டி. தெளிவாகத் தெரிந்தது. கல்யாண மேடையில் மொய்க் கவரோடு வந்த பெரியவர்கள் பலர் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "தைரியமா இருங்க" என்றார்கள். புதுமாப்பிள்ளைக்குச் சொல்கிற வழக்கமான ஆறுதல் என்று முதலில் நினைத்தேன். ஒருவர் குனிந்து காதில் தனக்குத் தெரிந்த வக்கீலின் பெயரைச் சொன்னபோதுதான் விளங்கியது.

மறுபடி சோதனையைச் செய்தேன். பெட்டியைத் திருமுடிவாக்கத்திலிருந்து நானே தூக்கி வந்தேன். தினமும் பூஜ்யம் எடுத்தேன்; சில நாள் இரண்டு தடவை. தேசிங்கு அண்ணன் எங்கிருந்தோ ஒரு சிவப்பு பல்பைத் தேடிக் கொண்டுவந்தார், அதை அறைக்கு வெளியே மாட்டினோம். படிப்படியாகச் சூடேற்றிய பதினேழாவது படலம் ஆயிரம் மணி நேரம் தாங்கியது. கோடு முதலில் கொஞ்சம் இறங்கி, தள்ளாடி, பிறகு ஒரு மாதிரி நின்றது. ஷேர் ஆட்டோ போன தடம் மாதிரி ஒரு கோணல் கோடு. அதைப் பார்த்ததும் மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். அதே நிபுணர் வந்தார். உள்ளே நுழைந்ததும் முதலில் சுவரைப் பார்த்தார். அப்புறம் தலையசைத்தார்.

கல்யாணமாகி ஒன்றரை வருடம் கழித்துப் பட்டம் வந்தது. அன்று மாலை மனைவியோடு கோவிலம்பாக்கம் போனேன். தெருமுனையில் என் முகம் என்னைவிடப் பெரிதாக நின்றுகொண்டிருந்தது. இருபதடி ஃபிளெக்ஸ் பேனர். பச்சைப் பின்னணி. 'சட்டப் போராட்டத்தில் வென்று முனைவர் பட்டத்தை மீட்டெடுத்த எங்கள் வீட்டு மாப்பிள்ளையை வாழ்த்தி வரவேற்கிறோம்.' கீழே ஏகாம்பரம் மாமா கைகூப்பியபடி. பட்டாசு வெடித்தார்கள்.

"இப்ப திருத்தினா அவரு மனசு உடஞ்சிடும்" என்றாள் நித்யா. தெரிந்த தவறை அவள் அப்படியே வெளியே விட்டது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான்.

விழா முடிந்ததும் மாமா அந்தப் பேனரைத் தன் மாட்டுக் கொட்டகைக் கூரை மேல் போட்டுவிட்டார். ஃபிளெக்ஸ் என்பதும் ஒரு பாலிமர் படலம்தான். ஏழு கோடை தாண்டிவிட்டது. மே மாத வெயிலில் அந்தக் கூரை என்ன சூடு ஏறும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பச்சை மட்டும் இன்னும் கொஞ்சம்கூடக் குறையவில்லை. என் பெயர் தாங்கிய படலங்களில் மிகவும் நிலையானது அதுதான்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருக்கும் எங்கள் மகள் கொட்டகைக்கு முன்னால் நின்று பேனரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "அப்பா, உன்னை போலீஸ் பிடிச்சாங்களா?" என்றாள். நித்யா அவசரமாக உள்ளே போய்விட்டாள். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஏகாம்பரம் மாமா மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவனுங்க அப்பீலுக்கு எதுனா போனானுங்களா மாப்ள?"

"இதுவரைக்கும் இல்லை மாமா" என்றேன்.